குழாயின் முதுமையும் நகர நீர் வரலாறும்: சென்னை வீடுகளின் நீரழுத்தக் குறைவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் குடிநீர் வரலாறு பெரும்பாலும் ஏரி, ஆறு, கால்வாய் முதலிய நீராதாரங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அந்நீரை வீட்டுக்குக் கொணரும் குழாயின் முதுமை அதில் உரிய இடம் பெறுவதில்லை. வீட்டில் நீரழுத்தம் குறைவது நீர்ப்பற்றாக்குறையால் மட்டும் நேர்வதன்று; குழாயின் உட்புறம் காலப்போக்கில் சிதைவதும் அதற்குக் காரணம் என்பதை இக்கட்டுரை பொறியியல் வரலாற்றின் துணைகொண்டு நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நீரழுத்தம், வார்ப்பிரும்பு, துரு, டார்சி, செங்குன்றம், கீழ்ப்பாக்கம்

முன்னுரை

நீர் ஓடும் நாளத்தையும் நீர் விழும் வாயையும் தமிழில் 'குழாய்' என்றே சுட்டுகிறோம். ஆகவே, 'குழாயில் தண்ணீர் வரவில்லை' என்னும் முறையீடு எந்தக் குழாயைக் குறிக்கிறது என்பது தெளிவாவதில்லை. ஏரி வற்றியதா, தெருக்குழாய் அடைபட்டதா, வீட்டுக்குழாய் துருவேறியதா என்னும் மூன்று வேறுபட்ட நிலைகளும் இந்த ஒரே தொடருக்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றைப் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உட்புறம் குறித்த அறிவின் வளர்ச்சி

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழங்கிய நீரோட்ட வாய்பாடுகள் குழாய்ச் சுவரின் தன்மையைக் கணக்கில் கொள்ளவில்லை. பிரான்சின் திஜோன் நகருக்கு 1840இல் ஊற்றுநீரைக் கொணர்ந்த பொறியாளர் ஹென்றி டார்சி இக்குறையைக் களைந்தார். பல்வகைப் பொருள்களாலான புதிய குழாய்களையும் படிவேறிய பழைய வார்ப்பிரும்புக் குழாய்களையும் அவர் சோதித்தார். 1857இல் வெளியான அவருடைய நூல், சுவரின் தன்மையும் வயதும் ஓட்டத்தை மாற்றுகின்றன என்பதை அளவீடுகளால் உறுதிசெய்தது. படிவேறிய குழாயில் தடை ஏறத்தாழ இருமடங்காவதை அவர் சுட்டினார்.

1905இல் அமெரிக்கப் பொறியாளர்கள் ஆலன் ஹேசன், கார்ட்னர் வில்லியம்ஸ் ஆகியோர் தம் அட்டவணைகளில் இம்முதுமையை ஓர் எண்ணாகவே ஆக்கினர். புதிய வார்ப்பிரும்புக்கு 130 என்னும் கெழு, குழாய் பழமையடையப் பழமையடைய 100க்கும் அதற்குக் கீழும் இறங்கும். ஒரே அளவு நீர் ஓடும்போது கெழு 130இலிருந்து 100 ஆனால் அழுத்த இழப்பு ஏறத்தாழ 1.6 மடங்காகும், 65 ஆனால் 3.6 மடங்காகும்.

விட்டம் சுருங்குவதன் விளைவு இன்னும் கடுமையானது. நீரில் கரைந்த உயிர்வளியால் இரும்பு துருப்பிடித்து, உட்சுவரில் முடிச்சுகளாகத் திரள்கிறது. துத்தநாகம் பூசிய வீட்டுக்குழாயிலும் பூச்சு தேய்ந்தபின் இதுவே நிகழும். உள்விட்டம் கால் பங்கு சுருங்கினால், அதே அழுத்தத்தில் பாதிக்கும் குறைந்த நீரே ஓடும். வெளியிலிருந்து நோக்குவோர்க்கோ குழாய் மாறாமல் இருப்பதாகவே தோன்றும்.

சென்னைச் சூழல்

1772இல் ஏழு கிணறு வழியாகக் கோட்டைக்கு நீர் வழங்கப்பட்டது. 1872இல் செங்குன்றம் ஏரியின் நீர் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து புவியீர்ப்பால் வார்ப்பிரும்புக் குழாய்களில் நகருக்குள் பரவியது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சென்னைப் பெருநகர்க் குடிநீர் வாரியம் உருவானது. 2004இல் வீராணம் ஏரி நீர் நகரை எட்டியது. இக்கால வரிசையில் ஒவ்வொரு மைல்கல்லும் ஓர் ஆதாரத்தையோ அமைப்பையோ குறிக்கிறது. பழைய குழாய் எப்போது மாற்றப்பட்டது என்னும் செய்தி மைல்கல்லாக எண்ணப்படுவதில்லை.

ஆயினும் குழாயின் வரலாறு வீட்டின் அமைப்பில் பதிவாகியுள்ளது. மாடிக்கு ஏற இயலாத நீரைத் தரைமட்டத்தில் இறைக்கும் அடிபம்பு, தரைக்கடியில் தேக்கும் 'சம்ப்', அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் ஆகியன குறைந்த அழுத்தத்துக்கும் இடைவிட்ட வழங்கலுக்கும் வீடுகள் அளித்த விடைகளாகும். இவ்விடைகள் அனைவர்க்கும் கிட்டுவனவல்ல. சம்ப் கட்ட இடமும் பொருளும் இல்லாதோர் குடத்தோடு காத்திருக்கின்றனர். தெருக்குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்துவது தடைசெய்யப்பட்டுள்ளது. அதனை மீறி ஒருவர் பொருத்தினால் அண்டை வீட்டாரின் அழுத்தம் வீழும். குழாயின் விரிசல் வழியே கழிவுநீர் உறிஞ்சப்படும் இடரும் உண்டு. எனவே அழுத்தக் குறைவு சமத்துவம், நலவாழ்வு ஆகியவற்றோடும் தொடர்புடையது.

மாற்றுதலின் எல்லை

வீட்டுக்குழாயை மாற்றுவது எப்போதும் தீர்வாகாது. குழாய் வாய்கள் யாவும் மூடியிருக்கும்போது உராய்வு இழப்பு இல்லை; ஆகவே துருவேறிய குழாயிலும் அழுத்தம் இயல்பாகவே தோன்றும். திறந்ததும் அது வீழ்ந்தால் ஓட்டத்துக்குத் தடையுள்ளது எனக் கொள்ளலாம். வீட்டு நுழைவிடத்தில் வலுவாக வரும் நீர் அதே தளத்துச் சமையலறையில் மெலிந்தால் குறை பெரும்பாலும் வீட்டுக்குழாயினது. அங்கு நெகிழிக் குழாய் பொருத்துவது பயன் தரும். நுழைவிடத்திலேயே நீர் மெலிந்திருந்தால் குறை தெருவில் உள்ளது. வீட்டார் தம் சுவரை உடைத்துப் பயனில்லை. முன்னது தனியார் செலவு, பின்னது பொதுப்பொறுப்பு. இவ்வேறுபாடு மறையும்போது பொதுப்பொறுப்பின் சுமை வீட்டார்மீது இறங்குகிறது.

முடிவுரை

டார்சிக்குப் பின் குழாயின் வயது பொறியியலில் அளவிடத்தக்க ஒன்றாயிற்று. நகர வரலாற்றெழுதியல் அவ்வளவை இன்னும் போதிய அளவில் ஏற்கவில்லை. புதிய ஏரி கிடைத்த ஆண்டோடு பழைய குழாய் நீக்கப்பட்ட ஆண்டையும் தெருவாரியாகத் தொகுத்தால், எவர் வீட்டுக்கு நீர் எப்போது உண்மையில் வந்தது என்பது விளங்கும். நிறைந்த ஏரிக்கும் வெறுங்குடத்துக்கும் இடைப்பட்ட வரலாறு அத்தொகுப்பிலிருந்தே எழுதப்பட வேண்டும்.