மெரினாவில் சேர்ந்த மணலும் ராயபுரத்து ட்ரெய்லரும்

கேஷுவாலிட்டில முட்டி வீங்கி ஒருத்தர் வந்தா எக்ஸ்-ரேக்கு முன்னாடியே கேட்டுடுவோம்: "நடந்து போனப்ப வண்டி இடிச்சுதா?" பம்பர் உயரமும் முட்டி உயரமும் ஏறக்குறைய ஒண்ணு. 1929லேயே காட்டன், பெர்க் என்ற அமெரிக்க டாக்டர்கள் இதை 'ஃபெண்டர் ஃப்ராக்சர்' என்று எழுதி வைத்தார்கள். கார் ரோட்டுக்கு வந்து சில பத்தாண்டுகளுக்குள் அதற்கென்றே ஓர் எலும்பு முறிவு!

ஆனா இது கார் கணக்கு. வடசென்னையில் நடக்கிறவங்களை இடிப்பது பல சமயம் ட்ரெய்லர். அதுல முட்டி இல்லை, இடுப்பும் நெஞ்சும்தான். கீழே விழுந்தா டயர்.

இவ்வளவு லாரி இந்தக் குறுகலான கடலோரத்துக்கு எப்படி வந்தது? கொஞ்சம் பின்னாடி போகணும்.

நம்ம கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870களில் மதராஸ் துறைமுகத்துக்குக் கல் சுவர் கட்ட ஆரம்பிச்சதும் அந்த மணல் தெற்குப் பக்கமே நின்னுடுச்சு. அதுதான் நீங்க ஞாயிற்றுக்கிழமை சுண்டல் சாப்பிடுற அகலமான மெரினா. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூருக்கு மணல் வரத்து நின்றது; கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ஒரு கரைக்குக் கிடைச்சது, இன்னொரு கரை இழந்தது. அப்புறம் பாறாங்கல் கொட்டினாங்க. இப்போ எண்ணூர் நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம் கல், மறுபக்கம் வீடுகள்.

1983ல் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் முனையம் வந்தது. 40 அடிப் பெட்டிகள் இந்தச் சாலையில் வரிசை கட்டின. மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009ல் அடிக்கல் வைத்தார்கள், 2012ல் வேலை நின்றது, 2022ல் மறுபடி அடிக்கல். லாரிகள் காத்திருக்குது, ஜனங்களும்தான்.

நின்னுட்டு இருக்கிற ரெண்டு ட்ரெய்லருக்கு நடுவுல இருந்துதான் மீன் கூடையோட ஒரு அம்மா வெளியே வர்றாங்க, ஷிஃப்ட் முடிஞ்சவர் வர்றார், ஸ்கூல் பையன் வர்றான். 60 கி.மீ. வேகத்துல நீங்க ரெண்டு நொடி போனைப் பார்த்தா 33 மீட்டர் பார்க்காமலேயே ஓட்டியிருக்கீங்க. கிட்டத்தட்ட மூணு கன்டெய்னர் நீளம். 30ல போனா அதுல பாதி.

வண்டி ஓட்டுற உங்களுக்கு ஒரு சின்ன வித்தை: நிற்கிற ட்ரெய்லரை நெருங்கும்போது அதன் அடிப்பக்கம் பாருங்க. ஆள் தெரியறதுக்கு முன்னாடி கால் தெரியும். நடக்கிறவங்க லாரி மூக்கை ஒட்டிக் குறுக்கே போகாதீங்க. உயரத்துல உட்கார்ந்திருக்கிற டிரைவருக்கு அந்த இடம் தெரியாது.

யாராவது அடிபட்டுக் கிடந்தா 108. 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கு: எந்த ஊர்க்காரரா இருந்தாலும் முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் வரையறுத்த தொகை வரை, சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும். கூட்டிட்டு வந்தவர் பேர் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை, சட்டமே அப்படித்தான் இருக்கு. விட்டுட்டுக் கிளம்பலாம்.