செண்டாய் தனபாத்தா விழா

ஜப்பானின் வடகிழக்கே மியாகி மாநிலத் தலைநகரான செண்டாயில் ஆகஸ்ட் 6 முதல் 8 வரை கொண்டாடப்படும் நட்சத்திர விழா. தனபாத்தாவைக் குறிக்கும் எழுத்துகளுக்கு ‘ஏழாம் நாள் மாலை’ என்பது பொருள்.

கதை சீனத்திலிருந்து வந்தது. நெசவுப் பெண் ஒரிஹிமேயும் மாடு மேய்க்கும் ஹிக்கொபோஷியும் மணம் முடித்த மகிழ்ச்சியில் வேலையை மறந்தார்கள். பெண்ணின் தந்தை சினந்து, பால்வீதியின் இரு கரைகளில் அவர்களைப் பிரித்து வைத்தார். ஏழாம் மாதம் ஏழாம் நாள் இரவில் மட்டும் சந்திக்கலாம். அவள் வேகா விண்மீன், நம் பஞ்சாங்கத்தின் அபிஜித். அவன் ஆல்டேர், நம் திருவோணம்.

1873-இல் ஜப்பான் புதிய நாட்காட்டிக்கு மாறியதும் ஜூலை 7 மழைக்காலத்தில் விழுந்தது. செண்டாய் ஒரு மாதம் தள்ளிக் கொண்டாடிப் பழைய பருவத்தை விடாமல் வைத்திருக்கிறது.

விழாவின் உயிர் கடைத்தெருவில்தான். இச்சிபான்சோ முதலிய தெருக்களில் பத்து மீட்டர் உயரத்துக்கும் மேற்பட்ட மூங்கில்களில் வாஷி என்னும் கைக்காகித அலங்காரங்கள் தொங்கும். கடைக்காரர்கள் ஆண்டுதோறும் புதிதாகச் செய்து, விழா காலை வரை மறைத்து வைப்பார்கள். மரபான அலங்காரங்கள் ஏழு. தன்சாக்கு எனும் வேண்டுதல் சீட்டு கல்விக்கும் கையெழுத்துக்கும், காகிதக் கிமோனோ தையல் திறனுக்கும் நோயின்மைக்கும், காகிதக் கொக்கு நீண்ட ஆயுளுக்கு, சுருக்குப்பை செல்வத்துக்கு, வலை நல்ல மீன்பாட்டுக்கு, நீண்ட நாடாத் தொங்கல் ஒரிஹிமேயின் நெசவு நூல். ஏழாவது குப்பைக்கூடை. மற்ற ஆறையும் செய்தபின் மிஞ்சும் காகிதத் துண்டுகளை அதில் போட்டுத் தொங்கவிடுவார்கள். தூய்மையும் சிக்கனமும் வேண்டி. ஏழிலும் எளியது இதுவே, அழகியதும் இதுவே.

நகரை நிறுவிய தாத்தே மசமுனே (1567–1636) இவ்விழாவை ஊக்குவித்ததாகச் சொல்வது வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மங்கிய விழாவை 1920-களின் பிற்பகுதியில், வணிகம் நொடித்திருந்த வேளையில், கடைக்காரர்களே மீட்டார்கள். போர்க்காலத்தில் மீண்டும் நின்றது. 1945 ஜூலை 10 வான்தாக்குதலில் நகரின் நடுப்பகுதி எரிந்தது. மறு ஆண்டே, எரிந்த கடைத்தெருவில் 52 மூங்கில்கள் நட்டு விழாவைத் தொடங்கினார்கள்.

2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் இந்நகரின் கரையோரத்தை அழித்தன. அவ்வாண்டு ஆகஸ்டிலும் விழா நடந்தது. இறந்தோர் நினைவாகவும் ஊர் மீள வேண்டியும், நகரப் பள்ளிப் பிள்ளைகள் மடித்த காகிதக் கொக்குகள் மூங்கில்களில் தொங்கின.