படுதலும் எழுதலும்: கணினித் துயிலின் வரலாறு குறித்த ஒரு சமூகவியல் நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும் வழங்குவது அப்பிரதேச மக்களின் மரபாகும். ஞாயிறு படுகின்ற திசையும் எழுகின்ற திசையும் இப்பெயர்களுக்கு அடிப்படை. ஆயின், இயற்கை வழங்கிய இப்பெயர்களுக்குச் சமூக வரலாறு வேறொரு பொருளையும் ஏற்றிவிட்டது. நகரும் கல்லூரிகளும் நெடுஞ்சாலையும் எழுவான்கரையில் அமைய, வயலும் மேய்ச்சல் நிலமும் காடும் படுவான்கரைக்குரியனவாயின. 2007ஆம் ஆண்டு வரை படுவான்கரையின் பெரும்பகுதி அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த போர்க்காலத்தில், மின்சாரம் எழுவான்கரையிற் பரவிய அளவுக்கு அங்குப் பரவவில்லை.

மின்சாரம் நின்றுபோகும்போது இயந்திரம் தன் நிலையை எவ்வாறு காத்துக்கொள்கிறது என்ற வினா, மேலோட்டமாக நோக்குவார்க்குப் பொறியியல் வினாவாக மட்டுமே தோன்றும். இயந்திரம் யாருடைய ஆணைப்படி உறங்குகிறது, யாருக்காக விழிக்கிறது என்ற வினா அதனுள் அடங்கியுள்ளது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் தொழில்நுட்ப அடிப்படையை நோக்குவோம். கணினியின் நினைவகம் மின்னோட்டம் உள்ளவரையே தன்னுள் உள்ளதைத் தக்கவைக்கும். எனவே கணினியை உறங்கச் செய்தற்கு இரு வழிகள் உள. நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் வழங்கி ஏனைய உறுப்புகளை அணைத்துவிடுவது ஒன்று. இதனைத் துயில் எனலாம். நினைவகத்தின் உள்ளடக்கம் முழுவதையும் வட்டிலே படியெடுத்து வைத்தபின் மின்சாரத்தை முற்றாக நிறுத்திவிடுவது மற்றொன்று. இதனை ஆழ்துயில் எனலாம். முன்னது விரைவானது; ஆனால் மின்கலம் தீர்ந்தால் யாவும் அழியும். பின்னது மெதுவானது, ஆனால் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதபோதும் செய்த வேலை அழியாது.

இச்செயலை நெறிப்படுத்துவது கேர்னல் எனப்படும் இயங்குதளக் கரு. அது முதலில் இயங்கும் நிரல்களை உறையச் செய்கிறது. பின்னர் ஒவ்வொரு சாதனத்தின் இயக்கி நிரலையும் முறைப்படி அழைத்து, அச்சாதனத்தின் நிலையைக் குறித்துவைத்து அணைக்குமாறு கூறுகிறது. இங்கு ஒழுங்கு முக்கியமானது. விசைப்பலகை யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தியைச் சார்ந்திருப்பதால், விசைப்பலகை முதலில் உறங்கவேண்டும். கட்டுப்படுத்தி பின்னரே உறங்கலாம். விழிக்கும்போது இவ்வொழுங்கு தலைகீழாகும். ஒரேயொரு இயக்கி மறுத்தாலும் முழு முயற்சியும் கைவிடப்படும். அனைத்துச் சாதனங்களின் ஒத்துழைப்பின்றி ஓர் இயந்திரம் உறங்க இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1992ஆம் ஆண்டில் இன்ரெல், மைக்ரோசொப்ற் ஆகிய நிறுவனங்கள் ஏ.பி.எம். எனும் மின்வலு முகாமை முறையை வெளியிட்டன. அதில் அதிகாரம் பெரிதும் பயோஸ் எனப்படும் நிலைநிரலின் கையில் இருந்தது. தாய்ப்பலகையுடன் இணைத்து விற்கப்பட்ட, பயன்படுத்துவோர் திறந்து பார்க்கவியலாத நிரல் அது. 1996 டிசம்பரில் இன்ரெல், மைக்ரோசொப்ற், தோஷிபா ஆகிய மூன்றும் ஏ.சி.பி.ஐ. எனும் புதிய நியமத்தை வெளியிட்டன. இதன்படி முடிவெடுக்கும் அதிகாரம் இயங்குதளத்துக்கு மாறியது. ஆயினும் சாதனங்களை விவரிக்கும் அட்டவணைகளைத் தயாரிப்பாளரே எழுதினர். அதிகாரம் இடம் மாறியதேயன்றி, அறிவின் உடைமை இடம் மாறவில்லை.

1999 ஜனவரியில் பில் கேற்ஸ் தம் அலுவலர்க்கு அனுப்பிய மின்னஞ்சல் ஒன்று, பிற்காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநில வழக்கொன்றிற் சான்றாவணமாக வெளிவந்தது. தம் நிறுவனமும் கூட்டாளிகளும் உழைத்து உருவாக்கும் ஏ.சி.பி.ஐ. விரிவாக்கங்களின் பயனை லினக்ஸ் உழைப்பின்றியே பெற்றுவிடும் என்ற கவலையும், அவற்றை விண்டோசுக்கே உரியனவாக்க இயலுமா என்ற ஐயமும் அதிலே காணப்படுகின்றன. இம்மடல் எண்ணத்துக்குச் சான்றேயன்றிச் செயலுக்குச் சான்றன்று. ஆனால் பொது நியமம் ஒன்றைத் தனியுடைமை எவ்வாறு நோக்குகிறது என்பதனை இதைவிடத் தெளிவாக விளக்கும் ஆவணம் அரிது.

இதன் மறுபக்கத்தை லினக்ஸ் வரலாற்றிற் காணலாம். 1991இல் லினஸ் ரோவால்ட்ஸ் தொடங்கிய இக்கேர்னலில், காபோர் கூட்டி தொடங்கிப் பாவெல் மாஹெக் வளர்த்த ஆழ்துயில் நிரல் 2002இற் சேர்க்கப்பட்டது. நைஜல் கன்னிங்ஹாம் அதற்கு மாற்றாக வளர்த்த விரிவான நிரல் பலராற் பயன்படுத்தப்பட்டும் முதன்மைக் கேர்னலில் இடம்பெறவில்லை. பின்னர் ரஃபாயெல் விசோக்கி இத்துறையின் பொறுப்பேற்றுச் சாதன முகாமையைச் சீரமைத்தார். பொதுவுடைமையான உழைப்புக் களத்திலும் முரண்பாடுகள் உண்டு என்பதும், அவை பலரறிய வாதிக்கப்பட்டுத் தீர்க்கப்பட்டன என்பதும் கருதத்தக்கன.

அக்காலத்தில் லினக்ஸ் கணினிகள் உறங்கியபின் விழிக்க மறுத்தமை பலரும் அறிந்த குறை. விழித்தாலும் திரை இருண்டே கிடக்கும். பல வரைகலை அட்டைகளின் தயாரிப்பாளர் அவற்றின் உள்விவரங்களை வெளியிடாமை இதற்கு ஒரு முக்கிய காரணம். மற்றொன்று, நிலைநிரல்களிற் பல விண்டோசுடன் மட்டுமே பரிசோதிக்கப்பட்டமை. ‘நீ எந்த இயங்குதளம்?’ என நிலைநிரல் வினவும்போது, லினக்ஸ் கேர்னல் தன் பெயரைக் கூறாது விண்டோசின் பெயரையே கூறும் வழக்கம் இதனால் எழுந்தது. உறங்குவதற்குக்கூட உடைமையாளன் பெயரைச் சொல்லவேண்டிய நிலை அது.

2009ஆம் ஆண்டில் முரண்பாடு புதிய களத்துக்கு நகர்ந்தது. கூகிளின் அன்ட்ரொய்ட் பொறியியலாளர், எந்த நிரலும் விழிப்பைக் கோராதபோது கைபேசி உடனே உறங்கவேண்டும் என்னும் ‘விழிப்புப் பூட்டு’ முறையை முன்வைத்தனர். கேர்னல் வளர்ப்போர் பலர் இதனை எதிர்த்தனர். மூன்றாண்டு விவாதத்தின்பின், 2012இல் வெளிவந்த 3.5ஆம் பதிப்பில், அதே தேவையை வேறு வடிவில் நிறைவேற்றும் ஓர் இணக்கம் ஏற்பட்டது. விண்டோஸ் உலகிலோ அதே 2012 முதல், உறங்கும்போதும் வலையமைப்புடன் தொடர்பு பேணும் புதிய நிலை புகுத்தப்பட்டது. பின்வந்த மடிக்கணினிகள் பலவற்றிற் பழைய துயில்நிலை தயாரிப்பாளராலேயே நீக்கப்பட்டுவிட்டது.

இம்மாற்றத்தின் பொருளை உணர்தற்கு மார்க்சின் ‘மூலதனம்’ முதற் பாகம் துணைசெய்யும். இரவில் இயங்காது கிடக்கும் உற்பத்திச் சாதனம் முதலாளிக்கு இழப்பு என்பதையும், அவ்விழப்பைத் தவிர்க்கும் வேட்கையே இரவு வேலையைத் தோற்றுவித்தது என்பதையும் வேலைநாள் பற்றிய இயலில் மார்க்ஸ் விளக்குகிறார். ஜொனதன் கிரேரி 2013இல் வெளியிட்ட ‘24/7’ எனும் நூலில், கருவிகளின் துயில்நிலையைப் பிற்கால முதலாளித்துவத்தின் குறியீடாகக் கொள்கிறார்: அங்கு எதுவும் முற்றாக அணைவதில்லை, எல்லாம் அழைப்புக்குக் காத்திருக்கின்றன. தொழிலாளியின் உறக்கத்தைச் சுருக்கிய அதே நியதி இயந்திரத்தின் உறக்கத்தையும் சுருக்கியுள்ளது எனலாம்.

இவ்வரலாறு நம் பிரதேசத்துக்கு எவ்வகையிற் பொருந்தும்? 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோப்புகளையும் வீடுகளையும் மட்டுமன்றி மின்கம்பங்களையும் வீழ்த்தியது. அஃது இயற்கையின் சீற்றம். 2022இல் நேர்ந்ததோ முற்றிலும் சமூகக் காரணத்தால் விளைந்தது. அந்நியச் செலாவணி வற்றி எரிபொருள் வாங்க இயலாத நிலையில், அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. மின்பிறப்பாக்கி உடையோர்க்கு அது செலவு; இல்லாதோர்க்கு வேலையிழப்பும் கல்வியிழப்பும். இத்தகைய சூழலில், மின்கலம் தரும் எஞ்சிய சில நிமிடங்களுள் செய்த வேலை அனைத்தையும் வட்டிலே பதித்து அணையும் ஆழ்துயில் ஓர் ஆடம்பரமன்று. அறுபடாத மின்சாரத்தையும் இணையத்தையும் இயல்பெனக் கொண்டு வடிவமைக்கப்பட்ட துயில்நிலை, அவை அறுபடும் ஊர்களில் வாழ்வோரைக் கணக்கிற் கொள்ளாதது. வடிவமைப்பு வர்க்கச் சார்பற்றதன்று.

மாற்று வடிவமைப்புச் சாத்தியமே என்பதற்கும் சான்று உண்டு. வறிய நாடுகளின் பிள்ளைகளுக்கென 2007 முதல் உற்பத்தி செய்யப்பட்ட எக்ஸ்.ஓ. மடிக்கணினியில், மையச்செயலி உறங்கியபோதும் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் திரை பொருத்தப்பட்டது. மின்சாரம் அரிதான கிராமத்தை மனத்திற்கொண்டு, லினக்ஸ் கேர்னலை அடிப்படையாக்கி அஃது உருவாக்கப்பட்டது. அத்திட்டம் எதிர்பார்த்த பரவலைப் பெறாமைக்குக் காரணங்கள் பல. எனினும், யாரைப் பயனாளராகக் கருதுகிறோமோ அதற்கேற்பவே இயந்திரத்தின் துயிலும் அமையும் என்பதை அது நிறுவிவிட்டது.

மட்டக்களப்புப் பிரதேசத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், விஞ்ஞானம் பயின்றவர். 1936இற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். விஞ்ஞானம் தமிழிற் பேசவேண்டும் என்ற அவரது முயற்சியை இன்று தொடர்வோர், சொற்களை ஆக்குவதோடு அமையலாகாது. திறந்த கேர்னலின் நிரல் எவரும் வாசிக்கக்கூடியது. அதனை வாசித்துத் திருத்தும் பயிற்சி நம் பல்கலைக்கழகங்களிற் பரவுதல் வேண்டும். படுதல், எழுதல் என்னும் சொற்களைத் தன் இரு கரைகளுக்கும் பெயராகச் சூட்டிய பிரதேசம் இது. தன் இயந்திரம் எப்போது படவேண்டும், எப்போது எழவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை படுவான்கரை மாணவனுக்கும் உரியதாதல் வேண்டும். இயந்திரத்தின் உள்ளறிவு தனியுடைமையாக இருக்கும்வரை அவ்வுரிமை முழுமையாகக் கிட்டாது.