அரை நாளும் ஆயிரம் கோடி ஆண்டும்



அடுப்புச் சாம்பலைக் கீரைப் பாத்தியில் தூவினால் செடி தழைக்கும் என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தி. சாம்பலில் உள்ள சத்து பொட்டாசியம். 1807ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கிலேய அறிஞர், பொட்டாசில் மின்சாரத்தைச் செலுத்தி அந்த உலோகத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தார். ஆயர் தாவார் வட்டாரத்தில் ஒரு காலத்தில் பால்மரம் நின்ற எத்தனையோ தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனைக்கு மூட்டை மூட்டையாக இடும் உரங்களுள் பொட்டாசு முக்கியமானது.

வேரடியில் இட்ட அந்த உரம் மரத்தின் உச்சிக்கு எந்த வழியாக ஏறுகிறது? பட்டை வழியாகவா, உள்ளிருக்கும் கட்டை வழியாகவா? அறிஞர்கள் நெடுநாள் வாதாடிய கேள்வி இது. இதைத் தீர்த்து வைக்க உதவியது, மிகக் குறுகிய ஆயுள் கொண்ட ஒரு வகைப் பொட்டாசியம்.

பொட்டாசிய அணுக்கள் எல்லாம் ஒரே எடை உள்ளவை அல்ல. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போலக் குணம் ஒன்றாக இருந்தாலும் எடையில் வேறுபடும். இவற்றை ஐசோடோப்புகள் என்பார்கள். இயற்கையில் மூன்று வகை உண்டு: பொட்டாசியம்-39, 40, 41. இவற்றுள் 40 மட்டும் கதிர் வீசும். பத்தாயிரம் பொட்டாசிய அணுக்களில் அது ஏறத்தாழ ஒன்றுதான். வாழைப்பழத்திலும், உர மூட்டையிலும், நம் உடம்பிலும் அது இருக்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் நொடிக்கு ஏறத்தாழ 4,000 பொட்டாசிய அணுக்கள் சிதைகின்றன. மனித குலம் தோன்றிய நாள் முதல் இப்படித்தான். ஆகவே உர மூட்டையைக் கண்டு கதிருக்காக அஞ்ச வேண்டியதில்லை.

நாம் பேச வந்த பொட்டாசியம்-42 மனிதர் செய்தது. 1934இல் கியூரி அம்மையாரின் மகள் ஐரீனும் மருமகன் பிரெடெரிக் ஜோலியோவும், கதிரியக்கத்தைச் செயற்கையாக உண்டாக்க முடியும் என்று காட்டினர். பொட்டாசியம்-41 ஒரு நியூட்ரானை விழுங்கினால் 42 ஆகிறது. அது நிலைத்து நிற்காது. பீட்டாக் கதிரை வீசிவிட்டுக் கால்சியமாக மாறிவிடும். ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரத்தில் பாதி மாறிவிடும். இதற்கு அரை ஆயுள் என்று பெயர். அடுத்த பன்னிரண்டரை மணியில் எஞ்சியதில் பாதி போகும். ஐந்து நாள் சென்றால் ஆயிரத்தில் ஒரு பங்களவே மிஞ்சும்.

1939ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஸ்டவுட், ஹோக்லண்ட் என்னும் இருவர் இதைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். வில்லோச் செடியின் தண்டில் ஓரிடத்தில் பட்டையைக் கட்டையிலிருந்து மெல்லப் பிரித்து, இடையில் மெழுகுத்தாளைச் செருகினார்கள். வேருக்குக் கதிர்ப் பொட்டாசியம் கலந்த நீரைக் கொடுத்தார்கள். பிறகு தண்டைத் துண்டு துண்டாக்கி, கதிரை அளக்கும் கருவியால் அளந்தார்கள். தாள் செருகிய இடத்தில் கட்டையில் பொட்டாசியம் நிறைய இருந்தது. பட்டையில் மிகக் குறைவு. தாள் இல்லாத இடத்தில் இரண்டிலும் இருந்தது. உரம் கட்டை வழியே ஏறி, அங்கிருந்து பட்டைக்குப் பரவுகிறது என்பது தெளிவாயிற்று.

மரம் சீவும் கைகளுக்கு இது நன்றாகப் புரியும். ரப்பர் பால் ஊறும் குழல்கள் பட்டையில் இருக்கின்றன; நீரும் உரமும் ஏறும் வழி கட்டையில் இருக்கிறது. அதனால்தான் பட்டையைச் சீவியும் மரம் வாடாமல் நிற்கிறது. கத்தி ஆழப் பதிந்து கட்டையைத் தொட்டால் இடையிலுள்ள வளரும் படலம் கெடும். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும்.

பெர்க்லி அறிஞர்களின் கதிர் சில நாட்களில் அடங்கிவிட்டது. ஆயுள் குறுகியது என்பதால் கதிர் தீங்கற்றது என்று பொருள் இல்லை. கையாளும் வேளையில் காப்பு வேண்டும். ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு அது சுமையாவதில்லை.

எல்லாக் கதிர்ப்பொருளும் அப்படியா? நம் பேராக் மாநிலத்திலேயே விடை உண்டு. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில், ஈயச் சுரங்க மணலில் கிடைக்கும் மோனசைட்டிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரிக்கும் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. அதன் கழிவில் தோரியம் இருந்தது. தோரியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள்! ஊர் மக்கள் 1985இல் நீதிமன்றம் சென்றனர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது; 1993இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆயினும் 1994இல் நிறுவனமே ஆலையை மூடுவதாக அறிவித்தது. ஆலை நின்றாலும் கழிவு கரையவில்லை. அதைப் புதைத்துக் காவல் காக்க வேண்டியதாயிற்று.

ஆகவே நேயர்களே, கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் ஓடவும் வேண்டாம், அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். என்ன பொருள், எவ்வளவு, அதன் அரை ஆயுள் என்ன என்று கேளுங்கள். பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் இம்மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் வாழப்போகும் மண்ணைப் பற்றிய கேள்விகள் அல்லவா இவை?