அறைக்குத்தான் வாடகை, கடலுக்கு இல்லை! கடற்கரை சொகுசு ரிசார்ட்டில் தங்கும் முன் இதையெல்லாம் தெரிஞ்சுக்கோங்க

பச்சையும் நீலமும் கலந்த கடல், மாவு போல வெள்ளை மணல், ரெண்டு தென்னைக்கு நடுவில் ஒரு தொங்கு ஊஞ்சல். கரீபியன் தீவு ரிசார்ட் என்றதும் செல்போனில் வந்து நிற்கும் காட்சி இதுதான். வீட்டில் கல்யாணம் நிச்சயமானதும் 'ஹனிமூனுக்கு எங்கே?' என்ற பேச்சு ஊட்டி, கொடைக்கானலில் ஆரம்பித்து பார்படாஸ் வரை போய்விட்டு வருகிறது. ஆனா கீரப்பாளையத்தில் இருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் கடல் வந்துவிடும். கொஞ்சம் கூடுதலாகப் பயணித்தால், கரீபியன் தீவோடு ஒரே முதலாளியைப் பகிர்ந்துகொண்ட ஊரும் வந்துவிடும். அது எந்த ஊர், கடற்கரை ஹோட்டலுக்குப் பணம் கட்டும்போது உண்மையில் நாம் வாங்குவது என்ன? பார்க்கலாம்.

தரங்கம்பாடியும் கரீபியன் தீவும்

தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு 1620-ல் தரங்கம்பாடியில் கால் ஊன்றியது டென்மார்க். டேன்ஸ்போர்க் கோட்டை அப்போது வந்ததுதான். அதே டென்மார்க், பிற்பாடு கரீபியன் கடலில் செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய் என்ற மூன்று தீவுகளையும் பிடித்தது. 1845-ல் தரங்கம்பாடியை 12.5 லட்சம் ரூபாய் விலையில் (வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்து) ஆங்கிலேயரிடம் விற்றது. 1917-ல் கரீபியன் தீவுகளை 2.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. இன்று அவற்றுக்கு அமெரிக்க வர்ஜின் தீவுகள் என்று பெயர்.

செயின்ட் ஜான் தீவில் 1956-ல் லாரன்ஸ் ராக்பெல்லர் திறந்த ரிசார்ட்தான் கனீல் பே. அறையில் டிவி, போன் எதுவும் கிடையாது. அதுவே அதன் பெருமை. பணக்காரர்கள் வரிசையில் நின்று தங்கிய அந்த இடத்தை 2017 செப்டம்பரில் அடுத்தடுத்து வந்த இர்மா, மரியா புயல்கள் சிதைத்தன. அதன்பின் அது பழையபடி எழவே இல்லை.

தரங்கம்பாடியில் கோட்டைக்குப் பக்கத்திலேயே, ஒரு காலத்தில் ஆங்கிலேய கலெக்டரின் பங்களாவாக இருந்த கட்டடத்தை நீம்ரானா நிறுவனம் சீரமைத்து 'பங்களா ஆன் தி பீச்' என்ற பாரம்பரிய ஹோட்டலாக்கியது. அகலமான வராண்டா, உயரமான தூண்கள், எதிரில் வங்கக் கடல். 2004 டிசம்பர் 26 சுனாமியில், தரங்கம்பாடி அப்போது இருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேல். அதற்குப் பிறகு ஊரின் பழைய வீடுகளைச் சீரமைக்கும் வேலை இன்டாக் போன்ற அமைப்புகளால் வேகம் பிடித்தது. அந்த வராண்டாவில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது இந்தக் கதையும் கூடவே உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்க முடியாது. சற்றுத் தள்ளி நிற்கும் மாசிலாமணி நாதர் கோயில் 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் பெரும்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் வைப்பவர்களுக்கு இங்கே தங்குவது கைக்கு எட்டும் தூரம் என்பது கூடுதல் தகவல். முகூர்த்த நாட்களில் திருக்கடையூரில் அறை கிடைக்காது, தரங்கம்பாடியிலும் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

நம்ம கடல் ஏன் நீலமா இல்லை?

இது பலருக்கும் உள்ள சந்தேகம். கரீபியன் தீவுகள் பலவற்றில் மணல் என்பது பவளமும் சிப்பியும் நொறுங்கி வந்தது. அதனால் வெள்ளை. பெரிய ஆறுகள் இல்லாததால் சேறு கலப்பதும் குறைவு, வெளிச்சம் அடிவரை போய்த் திரும்பி வரும். நம் பக்கம் வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி என வரிசையாக ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அந்த வண்டல்தான் நமக்கு நெல்லைக் கொடுத்தது, அதே வண்டல்தான் கடலைக் கலங்கலாக்குகிறது. பார்படாஸ் தீவின் மேற்குக் கரையில், பெரிய ரிசார்ட்டுகள் இருக்கும் பக்கம், கடல் குளம் மாதிரி இருக்கும். அட்லாண்டிக் அலை மோதுவது அந்தப் பக்கம் இல்லை. நமக்கு வங்கக் கடல் நேராக வந்து மோதுகிறது. ஆகவே தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலோ சாமியார்பேட்டையிலோ இடுப்பளவு தண்ணீரில் இருப்பவரைக்கூட அலை உள்ளே இழுத்துவிடும். ஹோட்டலில் நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்பது நம் கடற்கரையைப் பொறுத்தவரை ஆடம்பரம் இல்லை, பாதுகாப்பு.

கடலை ஒட்டியே ஏன் ரூம் கிடைப்பதில்லை?

'சீ வியூ' என்று புக் செய்துவிட்டுப் போனால் கடல் கோடு மாதிரி தூரத்தில் தெரிகிறது என்ற புலம்பல் அடிக்கடி கேட்கும். அதற்குக் காரணம் பெரும்பாலும் சட்டம். கடற்கரையில் அலை எட்டும் எல்லையில் இருந்து 500 மீட்டரைக் காக்க வேண்டும் என்று 1981-ல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். 1991 பிப்ரவரி 19-ல் அது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாக வந்தது. சி.ஆர்.இசட் என்று செய்திகளில் அடிபடுவது இதுதான். 2011-லும் 2019-லும் புது வடிவம் எடுத்தது. 2019 விதிகள், ஒரு மாநிலம் தன் கடலோர வரைபடத்தைப் புதுப்பித்து மத்திய அரசின் ஒப்புதல் வாங்கிய பிறகே அங்கே செல்லும்.

இதன்படி, கிராமப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டில் இருந்து 200 மீட்டருக்குள் புதிதாக ஹோட்டல் கட்ட முடியாது. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப்புறங்களில் இந்த 200-ஐ 50 மீட்டராகக் குறைத்தது. மீனவர் அமைப்புகளும் சூழலியல் ஆர்வலர்களும் எதிர்க்கும் இடம் இதுதான். வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இருக்கும் மணல் அந்த 200 மீட்டருக்குள்தானே!

அப்படியானால் கடலை ஒட்டி நிற்கும் ஹோட்டல்கள் எப்படி வந்தன? வயதைக் கேட்டால் விடை கிடைக்கும். சென்னைக்கு அருகே கோவளத்தில், பழைய டச்சுக் கோட்டை இருந்த இடத்தில் உள்ள தாஜ் பிஷர்மேன்ஸ் கோவ் 1974-ல் திறக்கப்பட்டது. மாமல்லபுரத்தில் அரசின் ஐ.டி.டி.சி நடத்திய டெம்பிள் பே, 2002-ல் தனியார் கைக்குப் போனது. இரண்டும் 1991-க்கு முந்தையவை. தரங்கம்பாடி பங்களாவோ வெள்ளைக்காரன் காலத்தது.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு கேரளா சாட்சி. வேம்பநாட்டு ஏரியின் நெடியதுருத்து தீவில் 54 வில்லாக்களோடு கட்டிய காபிகோ ரிசார்ட்டை இடிக்கச் சொல்லி 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022-ல் இடிப்பு தொடங்கியது. ஒருநாள்கூட முழுசாக ஓடாத சொகுசு அது.

பிச்சாவரத்தில் சொகுசு ரிசார்ட் வருமா?

சிதம்பரம் பக்கம் இந்தக் கேள்வி எழாத சுற்றுலா சீசனே இல்லை. 'இதயக்கனி' ஷூட்டிங் நடந்த இடம், படகு சவாரிக்கு எப்போதும் கூட்டம், தங்க மட்டும் நல்ல இடம் இல்லையே என்பார்கள். ஆனால் அலையாத்திக் காடு என்பது சி.ஆர்.இசட்டில் மிகக் கண்டிப்பான முதல் பிரிவு. 1,000 சதுர மீட்டருக்கு மேல் பரந்திருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் காப்பு வளையமும் உண்டு. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் பிச்சாவரம் சேர்ந்துவிட்டது. ஆக, காட்டுக்குள் சொகுசு ரிசார்ட், மிதக்கும் வில்லா என்பதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. சிதம்பரத்திலேயே தங்கிவிட்டு காலையில் படகுக்குப் போவதே வழி. சுனாமியின்போது இந்தக் காடு பின்னால் இருந்த குடியிருப்புகளுக்குத் தாங்கலாக நின்றதை ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

'பிரைவேட் பீச்' உண்டா?

விளம்பரத்தில் உண்டு, சட்டத்தில் இல்லை. அலை வந்து போகும் மணல் அரசுக்குச் சொந்தமான புறம்போக்கு. 2011 அறிவிக்கை, இரண்டு கடற்கரை ஹோட்டல்களுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போக குறைந்தது 20 மீட்டர் அகல வழி விட வேண்டும் என்கிறது. வேலி போட்டாலும் அந்த வழியை அடைக்கக் கூடாது. அலைக் கோட்டில் இருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரை உறிஞ்சவும் கூடாது. கடல் நீர் ஊருக்குள் ஏறிவிடும் என்பதால் இந்த விதி, கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கரீபியனிலும் இதே சண்டை நடக்கிறது. பார்படாஸில் எல்லாக் கடற்கரையும் பொதுச்சொத்து. ஜமைக்காவில் 1956-ம் ஆண்டுச் சட்டம், கடலில் குளிக்கும் உரிமையைப் பொதுமக்களுக்குப் பொதுவாகத் தரவில்லை. ரிசார்ட்டுகள் மதில் எழுப்ப, உள்ளூர்க்காரர்கள் பிறந்த ஊர்க் கடலுக்குள் போக நீதிமன்றம் ஏறுகிறார்கள். சாப்பாடு, குடி, விளையாட்டு எல்லாம் சேர்த்து ஒரே பில் போடும் 'ஆல் இன்க்ளூசிவ்' முறையை அங்கே பிரபலமாக்கியது 1981-ல் மாண்டிகோ பேயில் தொடங்கிய சாண்டல்ஸ். விருந்தாளிக்கு வசதி, ஆனா அவர் மதிலைத் தாண்டி வெளியே வந்து ஒரு இளநீர்கூட வாங்க மாட்டார்.

பில்லில் எதைப் பார்க்கணும்?

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி 5%. அதற்கு மேல் போனால் 18%. 7,500 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,875 கட்டினால் போதும். 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ஆகிவிடும். நூறு ரூபாய் வித்தியாசத்துக்கு ஆயிரத்துக்கு மேல் எகிறுவதால், எல்லைக்குப் பக்கத்தில் உள்ள அறை என்றால் வாடகையைக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். சர்வீஸ் சார்ஜை ஹோட்டல் தானாகச் சேர்க்கக் கூடாது என்ற நுகர்வோர் ஆணையத்தின் 2022 வழிகாட்டுதலை, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. நீக்கச் சொல்லிக் கேட்கலாம்.

எப்போது போகலாம்?

நம் கரைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது 2011 டிசம்பர் 30-ல், அதாவது புத்தாண்டுக்கு அறை புக் செய்யும் வாரத்தில். ஜனவரியில் இருந்து மார்ச் வரை நல்ல பருவம். அதுதான் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலமும்கூட, அதனால் இரவில் மணலில் டார்ச், ஃபிளாஷ் அடிக்காதீர்கள். கரீபியனில் புயல் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நம் கோடை விடுமுறையில் ஏப்ரல், மே மட்டும்தான் தப்பிக்கும். பார்படாஸுக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் போகலாம், ஆனால் அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா தேவை.

இன்னொரு தகவல். பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்குப் போனால் ராமசாமி, முத்துசாமி என்பதெல்லாம் அங்கே குடும்பப் பெயர்கள். 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் 'ஒரேலி' என்ற கப்பல் புதுச்சேரியில் இருந்து முதல் தொகுதி ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு இறக்கியது. 1889 வரை புதுச்சேரி, காரைக்கால் போன்ற துறைமுகங்கள் வழியாக 40,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்தக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள்.