மாதிரி மரக்கலங்களும் வரலாற்றுண்மையும்

முன்னுரை

மரக்கல வரலாறு ஏட்டிலும் எழுதப்படுகின்றது, மரத்திலும் எழுதப்படுகின்றது. அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் மாதிரிக் கலங்கள் இரண்டாம் வகையைச் சார்ந்தன. ஏட்டில் எழுதுவோனுக்கு ஓர் உரிமை உண்டு. சான்று கிட்டாதவிடத்து அவன் ஒன்றும் கூறாது அடுத்த செய்திக்குச் செல்லலாம். மாதிரி செய்வோனுக்கு அவ்வுரிமை இல்லை. பின்னணியத்தின் வடிவு தெரியவில்லை என்று அதனைச் செய்யாது விடுவானாயின் கலம் கலமாகாது. ஆதலின் அவன் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே மரத்தாற் செய்து, ஒரே வண்ணம் பூசி முடிக்கின்றான். காண்போர் இரண்டையும் பிரித்தறிய வழியின்றி முழுவதையும் உண்மையெனக் கொள்கின்றனர். சின்னாட்களில் அம்மாதிரியே பிற மாதிரிகளுக்குச் சான்றாகிவிடுகின்றது. இவ்விடர்ப்பாடு எவ்வாறு நேர்கின்றது, இதனை எவ்வாறு தவிர்க்கலாம் என்பவற்றை மேலைநாட்டுக் கப்பல்கள் இரண்டன் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். இறுதியில், தமிழர் கலங்களுக்கு மாதிரி செய்ய முற்படுவோர் இவற்றிலிருந்து கொள்ளத்தக்கது யாது என்பதையும் நோக்குவாம்.

சான்றுகளின் தன்மை

பழங்கலங்களைப்பற்றிய சான்றுகள் ஐந்து வகைப்படும். அவை எழுத்தாவணங்கள், ஓவியமும் சிற்பமும் போன்ற உருவச் சான்றுகள், கப்பல் தச்சர் எழுதிய நூல்கள், அக்காலத்தே செய்யப்பெற்ற மாதிரிகள், கடலடியிற் கிடைத்த எச்சங்கள் என்பன. இவற்றுள் எதுவும் குறையற்றதன்று. குறை யாதென அறிந்து பயன்கொள்வதே ஆராய்ச்சியாகும்.

ஓவியன் தச்சன் அல்லன். இடைக்கால ஐரோப்பிய நகரங்களின் வட்ட முத்திரைகளிற் காணப்படும் கப்பல்கள் பிறைபோல் வளைந்திருத்தற்குக் கப்பலின் வடிவு மட்டும் காரணமன்று. முத்திரையின் வட்டமும் காரணமாகும். கோவில்களிற் காணிக்கையாகத் தொங்கவிடப்பெற்ற மாதிரிகள் கீழிருந்து காண்பதற்கென்று செய்யப்பட்டவை. அவற்றின் நீள உயர விகிதத்தை அவ்வாறே கொள்ளுதல் ஆகாது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடற்படையினருக்கெனச் செய்யப்பெற்ற அழகிய மாதிரிகளிற் பல, அடிப்பகுதியிற் பலகை வேயாது விலாமரங்கள் வெளியே தோன்றுமாறு அமைந்தவை. ஆனால் அவ்விலாமர அமைப்புங்கூட மாதிரிக்கென வகுத்துக்கொண்ட முறையேயன்றி, உண்மைக் கப்பலின் அமைப்பை அப்படியே காட்டுவதன்று. கப்பல் கட்டப்பட்ட நாளிலேயே அதனை அறிந்தோர் செய்த மாதிரியும் முற்றும் நம்பத்தக்கதன்று என்பது இதனாற் பெறப்படும்.

சாந்தா மரியா

சான்று அருகிய கலத்திற்கு எடுத்துக்காட்டுக் கொலம்பசு ஏறிச் சென்ற சாந்தா மரியா. அது 1492ஆம் ஆண்டு திசம்பர் 24ஆம் நாள் இரவு கழிந்து 25 பிறக்கும் வேளையில் இசுப்பானியோலாத் தீவின் வடகரையருகே தரைதட்டிற்று. அதன் மரங்களைக் கொண்டே கரையில் நவிதாத் என்னும் கோட்டை எழுப்பப்பட்டது. கப்பலின் வரைபடம் இல்லை. நீள அகலக் கணக்கும் இல்லை. கொலம்பசின் நாட்குறிப்பு மூலமும் மறைந்தது. லாசு காசாசு என்னும் துறவியார் எடுத்தெழுதிய சுருக்கமே இன்று நமக்குக் கிடைப்பது.

அச்சுருக்கத்திலிருந்து இரு செய்திகளை உறுதியாகப் பெறலாம். ஒன்று, பிந்தா, நீஞ்ஞா என்னும் துணைக் கலங்களைக் கரவேல் என்று வழங்கும் அந்நாட்குறிப்பு, தலைமைக் கலத்தை நாவோ என்று வேறுபடுத்துகின்றது. மற்றொன்று, 1492 அக்டோபர் 24ஆம் நாட்குறிப்பிற் பாய்கள் பெயர்சொல்லி எண்ணப்படுகின்றன. பெரும்பாய், அதன் அடியிற் கோத்து நீட்டும் துண்டுப்பாய்கள் இரண்டு, முன்மரப் பாய், முகப்புப் பாய், பின்மரப் பாய், மேற்பாய் என்பன அவை. ஆகவே இக்கலத்தின் பாய்களைப் பற்றி நாம் அறிவது மிகுதி. உடலைப் பற்றி அறிவது குறைவு. ஆனால் மாதிரியைக் காண்போன் கண்ணில் முதலிற் படுவது உடலேயாம்.

உருவச் சான்று உண்டா எனின், உண்டு போலத் தோன்றும். கொலம்பசின் மடல் பாசெல் நகரில் 1493ஆம் ஆண்டளவில் அச்சேறியபோது அதனுடன் ஒரு கப்பற் படமும் வெளிவந்தது. பயணம் நிகழ்ந்த மறு ஆண்டே வந்த படமாதலின் அதனைக் கண்கண்ட சான்றெனக் கருத இடமுண்டு. ஆயின் அப்படம், 1486ஆம் ஆண்டு மைன்சு நகரில் வெளிவந்த பிரைடன்பாக்கின் திருநாட்டுப் பயண நூலில் உள்ள ஒரு படத்தைப் பார்த்து வெட்டப்பட்டது. கொலம்பசு கடலில் இறங்குமுன்னரே வரையப்பட்ட வேறொரு கலத்தின் உருவம் அது. காலத்தால் அணியது என்பதொன்றே ஒரு சான்றை உறுதியாக்கிவிடாது. அது எதனினின்றும் பிறந்தது என்பதையும் வினவுதல் வேண்டும்.

இந்நிலையில் நிகழ்ந்தது யாது? 1892ஆம் ஆண்டு, நானூறாம் ஆண்டு விழாவை முன்னிட்டு, இசுப்பானியர் சாந்தா மரியாவை நாவோ எனக் கொண்டு முழு அளவில் மீளக் கட்டினர். 1929ஆம் ஆண்டுச் செவில் பொருட்காட்சியை ஒட்டிக் குயென் தாத்தோ என்பார் அதனைக் கரவேல் எனக் கொண்டு வேறொரு வடிவிற் கட்டுவித்தார். 1960களிற் பார்சலோனா கடற்பொருட்காட்சி நிலையத் தலைவராயிருந்த மார்த்தினெசு இதால்கோ மீண்டும் நாவோ என்றே நிறுவினார். கப்பல் ஒன்று; உருவங்கள் பல. இவ்வுருவங்கள் ஒவ்வொன்றையும் பின்பற்றிச் சிறு மாதிரிகள் எழுந்தன. அவற்றை வாங்கி வீட்டில் வைப்போர்க்கு இப்பூசலின் சுவடுகூடத் தெரிவதில்லை. நாட்குறிப்பின் ஒரு சொல்லைக் கவனியாமையோ, கவனித்தும் ஐயுற்றமையோ ஒரு கப்பலின் வடிவையே மாற்றிவிட்டது என்பது கருதத்தக்கது.

வாசா

சான்று அருகியமையால் இவ்வாறு நேர்ந்தது. கப்பலே கிடைத்திருப்பின் ஐயத்திற்கு இடமில்லை என்று கூறுவார் உளர். அவர்க்கு விடையாக நிற்பது சுவீடன் நாட்டு வாசாவாம்.

குசுத்தாவ் அடோல்பு மன்னரின் ஆணையாற் கட்டப்பெற்ற இப்போர்க்கலம் 64 பீரங்கிகளைத் தாங்கி 1628ஆம் ஆண்டு ஆகத்து 10ஆம் நாள் ஸ்டாக்ஹோம் துறையினின்றும் புறப்பட்டு, ஒரு கல் தொலைவும் செல்லாமுன் காற்றிற் சாய்ந்து மூழ்கிற்று. ஆண்டர்சு பிரான்சென் என்பார் 1956இல் அதன் இடத்தைக் கண்டார். 1961 ஏப்பிரல் 24ஆம் நாள் கலம் நீர்மட்டத்திற்கு மேல் வந்தது. 333 ஆண்டுகள் நீரடியிற் கிடந்தும் மரம் பெரும்பாலும் அழியாதிருந்தது. மூழ்கியபோது நான்கு பாய்களே விரிக்கப்பட்டிருந்தமையின், எஞ்சிய ஆறு பாய்கள் பாயறையில் மடித்தபடியே கிடைத்தன. மாதிரி செய்வோர்க்கு இதனினும் சிறந்த பேறு வேறில்லை.

ஆயினும் பிழை நேர்ந்தது. சிற்பங்களைப் பொருத்தியிருந்த இரும்பாணிகள் துருவேறி அற்றமையால், பல நூறு சிற்பங்கள் கழன்று சேற்றில் வீழ்ந்திருந்தன. ஒவ்வொன்றின் இடத்தையும் தேடிக் காணவேண்டியதாயிற்று. வண்ணமோ கண்ணுக்குப் பெரிதும் புலப்படவில்லை. எனவே பின்னணியத்தின் பின்புலம் நீலம் என்றும், சிற்பங்கள் ஏறக்குறைய முழுவதும் பொன் முலாம் பூண்டவை என்றும் கருதினர். 1970கள் முதல் 1990களின் தொடக்கம்வரை எழுந்த ஓவியங்களும் மாதிரிகளும் பல நீலமும் பொன்னுமாகவே விளங்கின. பின்னர் மரத்தின் நுண்துளைகளில் எஞ்சிய வண்ணத் துணுக்குகளை ஆராய்ந்தபோது, பின்புலம் சிவப்பு என்பதும், சிற்பங்கள் பல வண்ணங்களாற் பொலிந்தன என்பதும், பொன்னிலை சிற்சில இடங்களிலேயே ஒட்டப்பட்டது என்பதும் வெளிப்பட்டன. வாசா அருங்காட்சியகத்தில் இன்று நிற்கும் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி இம்முடிபைத் தழுவியதாகும். நீலக் கப்பலை மனத்திற் பதித்துக்கொண்ட தலைமுறையோ இம்மாற்றத்தை எளிதில் ஏற்றதன்று. அழகிய பிழை வறிய உண்மையினும் நெடுநாள் வாழும்.

வாசா கற்பிக்கும் மற்றொரு பாடம் இதனினும் நுட்பமானது. இக்கலத்திற்கு வரைபடம் இருந்ததில்லை. இதனைத் தொடங்கிய என்றிக் இபெர்ட்சன் ஒல்லாந்து நாட்டவர். அந்நாட்டுத் தச்சர் வரைபடமின்றி விகித முறையாற் கட்டுவதே வழக்கம். கலத்தினுள் தச்சர் கையாண்ட அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. அவற்றுட் சில 12 அங்குலங் கொண்ட சுவீடன் அடியையும், சில 11 அங்குலங் கொண்ட ஆம்சுடர்டாம் அடியையும் தழுவியவை. கப்பலை நுணுகி அளந்தபோது இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திராமை புலனாயிற்று. இருவேறு அடிகளைக் கொண்ட தச்சர் குழுவினர் வேலை செய்தமை இதற்கு ஒரு காரணமாகலாம் என்பர் அறிஞர்.

மாதிரி செய்வோர் பெரும்பாலும் ஒரு பாதியை வரைந்து அதனையே மறுபாதிக்கும் திருப்பிக் கொள்வர். கை தேர்ந்த தச்சன் இருபுறமும் மயிரிழையும் வேறுபடாமற் செய்வதைப் பெருமையாகக் கருதுவான். வாசாவைப் பொறுத்தவரை அச்செம்மையே பொய்யாகும். கைவண்ணத்தின் நிறைவு வேறு, வரலாற்றின் நிறைவு வேறு என்பது இங்குத் தெளிவாகின்றது.

நாளும் அளவும்

இவ்விரண்டினின்றும் சில நெறிகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, மாதிரி எந்நாளைய கப்பல் என்று வரையறுத்தல். ஆங்கிலேயரின் விக்டரி என்னும் கலம் 1765இல் நீரில் இறக்கப்பட்டது. திரபால்கர்ப் போரில் ஈடுபட்டது 1805இல். இடையில் அதன் பின்னணியமே மாற்றியமைக்கப்பட்டது. ‘விக்டரியின் மாதிரி’ என்பது ஆண்டு கூறாதவரை பொருளற்ற தொடராம். அவ்வாறே சுக்கானைத் திருப்பும் சக்கரம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்தது. வாசாவில் அவ்வேலையைச் செய்தது செங்குத்தான நெடுங்கோல் ஒன்றே. கொலம்பசின் கலத்திற் சக்கரம் வைப்பது சங்கப் புலவர் கையில் அச்சுநூல் கொடுப்பதை ஒக்கும்.

இரண்டாவது, அளவுச் சொற்களின் பொருளை உணர்தல். பழைய கடற்பட்டியல்களிற் கயிற்றின் பருமன் அதன் சுற்றளவாற் குறிக்கப்பெறும். இதனைக் குறுக்களவு என மயங்கினால் கயிறு மும்மடங்கு பருத்துவிடும். கூம்பினைத் தாங்கும் மெல்லிய கயிற்றுத் தொகுதி முரட்டு வடமாகத் தோன்றும் மாதிரிகள் இம்மயக்கத்திற்கு உள்ளானவை என ஐயுறலாம்.

மூன்றாவது, ஒவ்வோர் உறுப்பிற்கும் சான்றின் தரத்தை எழுதிவைத்தல். நேர்ச்சான்று உடையது, அக்காலத்துப் பிற கலங்களைக் கொண்டு துணிந்தது, தச்சனின் ஊகம் என மூவகையாகப் பிரித்து மாதிரியுடன் ஓர் ஏடு வைத்தல் வேண்டும். ஊகத்தால் அமைந்த பகுதிகளை வண்ணம் பூசாது வெறு மரமாகவே விடுதலும் நன்று. காண்போர்க்கு அது குறையாகத் தோன்றினும் நேர்மையான குறையேயாம்.

தமிழர் கலங்கள்

நம் நாட்டிலும் பழங்கலங்களுக்கு உருக்கொடுக்கும் முயற்சி வளர்ந்துவருகின்றது. அசந்தாவின் ஓவியத்திற் காணும் கலத்தைப் பின்பற்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டப்பெற்ற கௌண்டின்யா, 2025 மே 21ஆம் நாள் கார்வாரில் இந்தியக் கடற்படையிற் சேர்க்கப்பட்டது. வரைபடமின்றி ஓவியமொன்றையே கொண்டு தொடங்கியமையின், அதன் நீரோட்ட இயல்பு சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறையினரால் மாதிரி வைத்துச் சோதிக்கப்பட்டது. அதன் பாயிற் கண்டபேருண்டமும், தளத்தில் அரப்பா முறையிலான கல் நங்கூரமும் இடம்பெற்றுள்ளன. இவை வெவ்வேறு காலத்து அடையாளங்கள். இது மறக்கப்படுமாயின் எதிர்காலத்தார் இவற்றை ஒரே காலத்தனவாகக் கொள்ளக்கூடும்.

தமிழ்க் கலங்களுக்கோ இலக்கியச் சான்று மிகுதி. உருவச் சான்று அரிது. அழகன்குளத்து அகழாய்விற் கிடைத்த பானையோட்டில் ஒரு கப்பலுருவம் கீறப்பட்டுள்ளது. ஆயினும் அது உரோமானியக் கலம் என்றே அறிஞர் கருதினர். கடல்கடந்து 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த படையெடுப்பைக் கூறும் இராசேந்திர சோழரின் மெய்க்கீர்த்தி, கலங்கள் பலவற்றைச் செலுத்திய செய்தியைத் தருகின்றதேயன்றி அவற்றின் நீள அகலங்களைத் தருவதன்று.

புறநானூற்று 30ஆம் பாட்டு, கூம்பையும் மேற்பாயையும் களையாமலே ஆற்றுமுகத்துட் புகும் பெருங்கலத்தைப் பேசுகின்றது. களையாமை ஈண்டுச் சிறப்பாகக் கூறப்படுதலின், ஏனைத் துறைகளிற் களைதலே வழக்கம் என்பது பெறப்படும். எனவே அக்காலத்துக் கலத்திற்கு மாதிரி செய்வோன், கூம்பினைக் கழற்றத்தக்கதாக அமைத்தற்குப் பாட்டிற் சான்று உண்டு. ஆனால் ‘மீப்பாய்’ என்னும் சொல் பெரும்பாயின் மேலுள்ள இரண்டாம் பாயைக் குறிப்பதா, மேலே ஏற்றப்பெற்ற ஒரு பாயையே குறிப்பதா? விடைக்கேற்ப மாதிரியிற் பாயின் எண்ணிக்கை மாறும். அச்சொல்லின் பொருளைத் துணிய வேண்டியவன் தச்சன் அல்லன், தமிழாராய்ச்சியாளனே. சாந்தா மரியாவின் வடிவு நாட்குறிப்பின் ஒரு சொல்லில் தொங்கியதுபோல, நம் கலங்களின் வடிவும் சொற்களில் தொங்கிக்கொண்டிருக்கின்றது.

முடிவுரை

ஆகவே மாதிரிக் கலம் அழகுப் பொருள் மட்டும் அன்று, ஆராய்ச்சியுரையும் ஆகும். ஆராய்ச்சியுரைக்கு உரிய கடமைகள் அதற்கும் உண்டு. சோழர் கலம் என்று பெயர்ப்பலகை பொறித்து மக்கள்முன் வைப்போர், அதில் எவ்வளவு சான்று, எவ்வளவு துணிபு, எவ்வளவு ஊகம் என்பதையும் அப்பலகையிலேயே பொறித்தல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள். அதனைக் கண்டு வளரும் மாணாக்கன் நாளை நம்மினும் நன்கு ஆராய்வான். பிழையைக் கண்டால் திருத்துவான். ஊகத்தை உண்மையெனக் காட்டி அவனை ஏமாற்றுவோமாயின், திருத்தும் வழியையும் அடைத்துவிட்டவராவோம்.