கைக்குத் திரும்பிய வளைகோடு

கணினி வருமுன் கப்பல் கட்டும் பட்டறைகளில் வளைகோடு வரைய, வளைந்துகொடுக்கும் மெல்லிய மரச்சட்டம் ஒன்று போதுமானதாக இருந்தது. அதை ஈய எடைகளால் அங்கங்கே அழுத்திவைத்தால், இடைப்பட்ட பகுதி தானாகவே சீராக வளையும். அந்தச் சட்டத்தின் பெயர்தான் ஸ்பிளைன். 1946இல் ஐசக் ஷோன்பெர்க் அப்பெயரைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். துண்டுதுண்டான பல்லுறுப்புக்கோவைகள் மூட்டுத் தெரியாமல் இணையும் கோடுகளுக்கு அதைச் சூட்டினார்.

அடுத்த திருப்பம் பிரான்சின் கார் தொழிலில் நிகழ்ந்தது. சிட்ரோயன் நிறுவனத்தில் 1958இல் சேர்ந்த பால் தெ காஸ்டெல்ஷோ, மறு ஆண்டே சில புள்ளிகளைக் கொண்டு வளைகோடு வரையும் ஒரு வழிமுறையைக் கண்டார். (0,0), (0,4), (4,4), (4,0) என நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த புள்ளிகளின் நடுப்புள்ளிகள் (0,2), (2,4), (4,2). அவற்றின் நடுப்புள்ளிகள் (1,3), (3,3). இவற்றின் நடுப்புள்ளி (2,3). இந்தக் கடைசிப் புள்ளி வளைகோட்டின் மேலேயே இருக்கிறது. பாதிக்குப் பதில் வேறு விகிதங்களில் பிரித்தால் மற்றப் புள்ளிகளும் கிடைத்துவிடும். கூட்டலும் வகுத்தலும் அறிந்த பள்ளி மாணவரும் செய்யக்கூடிய இந்த அழகான கணக்கை நிறுவனம் வெளியே விடவில்லை. 1960களில் ரெனோவின் பொறியாளர் பியேர் பெசியே தம் வழியில் அதே வகைக் கோடுகளை அடைந்து, அவற்றை வெளியிட்டார். கோடு பெசியே பெயரில் நிலைத்தது. காஸ்டெல்ஷோவுக்கு உரிய இடம் காலம் தாழ்ந்தே கிடைத்தது என்பதை வருத்தத்தோடுதான் பதிவு செய்ய வேண்டும்.

1970களில் கார்ல் தெ போர் முதலியோர் பல துண்டுகள் சேர்ந்த பி-ஸ்பிளைன் கோடுகளின் கணக்கீட்டை உறுதிப்படுத்தினர். 1975இல் கென் வெர்ஸ்பிரில்லின் ஆய்வேடு, இன்று நர்ப்ஸ் எனப்படும் வளைகோட்டு வடிவத்துக்கு வழிவகுத்தது.

இவ்வளவு முன்னேற்றத்திலும் ஓர் இழப்பு இருந்தது என்பதே என் கருத்து. மேலே கண்ட நான்கு புள்ளிகளில் நடு இரண்டும் கோட்டின் மேல் இல்லை. வெளியே நின்று அதை இழுக்கின்றன. வரைபவர் தொடுவது கோட்டை அல்ல, அதன் கடிவாளத்தை. காகிதத்தில் ஒரே வீச்சில் கொடி வரையும் கைக்கு இது அந்நியமான வேலை.

1990இல் பிலிப் ஷ்னைடர் வெளியிட்ட வழிமுறை இந்த இடைவெளியைக் குறைத்தது. கையின் ஓட்டம் விட்டுச்சென்ற ஏராளமான புள்ளிகளுக்கு முதலில் ஒரே ஒரு பெசியே கோட்டைப் பொருத்துவது. பிழை அளவு மீறினால், அது மிகுந்த இடத்தில் இரண்டாகப் பிரித்து மீண்டும் பொருத்துவது. கை நடுக்கம் கரைந்துபோய், சில கட்டுப்பாட்டுப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டரின் 2.78 பதிப்பில் 2016இல் வந்த வளைகோடு வரையும் கருவியும் இவ்வாறே கைவீச்சைப் பெசியே கோடாக்குகிறது.

ஆனால் திரை தட்டையானது. கை தருவது இரண்டு அளவுகள். முப்பரிமாணக் கோட்டுக்கு வேண்டியது மூன்று. தக்கேயோ இகராஷியும் குழுவினரும் 1999இல் காட்டிய டெடி என்ற மென்பொருள், மூடிய வெளிக்கோட்டை உப்பவைத்து, அகன்ற இடத்தைப் பருமனாகவும் குறுகிய இடத்தை மெலிதாகவும் ஆக்கி, ஆழத்தைத் தானே ஊகித்தது. பிளெண்டர் ஊகிப்பதில்லை, முப்பரிமாணக் கர்சர் நிற்கும் ஆழத்திலா, அடியிலுள்ள பொருளின் பரப்பிலா என்று நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஆகவே புதிதாக வரையத் தொடங்குவோர் கோட்டை முடித்ததும் காட்சியைப் பக்கவாட்டில் ஒருமுறை சுழற்றிப் பார்க்க வேண்டும். முன்பக்கம் கொடியாகத் தெரிந்தது, பக்கத்திலிருந்து ஒரே நேர்கோடாகத் தெரியலாம்.